காதுவலி: செவிப்பறைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

காது, மூக்கு, தொண்டை மருத்துவம் – வாசகர் கேள்விகள். இந்த இதழில் நடுச்செவித் தொற்று.

என் மகனுக்கு 14 மாதம், எடை 10 கிலோ. நாலு நாளாகச் சளி. நேற்று நள்ளிரவில் வீறிட்டு அழ ஆரம்பித்தவன் விடியும்வரை தூங்கவில்லை. வலது காதையே பிடித்து இழுத்தான். காய்ச்சல் 101. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு காதில் மட்டும்தான் இருக்கிறது. வலிக்கு மருந்து கொடுங்கள். இரண்டு நாளில் குறையாவிட்டால் மட்டும் இந்த ஆன்டிபயாடிக்கை ஆரம்பியுங்கள்" என்று சீட்டு எழுதித் தந்தார். மாமியாரோ பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல்

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

நம் விரல் படும் காதுத்துளை ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசியில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு வழியை முழுதாக மூடி நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம், மூன்று குட்டி எலும்புகள் இருக்கும் காற்றறைதான் நடுச்செவி. அந்த அறைக்குக் காற்று போவது காதுத்துளை வழியாக அல்ல. மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் யூஸ்டேசியன் குழாய் வழியாக. பெரியவர்களுக்கு இந்தக் குழாய் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம், 45 டிகிரி சரிவு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதிதான். சரிவும் 10 டிகிரி அளவே, கிட்டத்தட்ட படுக்கைவாட்டம். சளி பிடித்தால் குழாயின் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள திசு உறிஞ்சிவிட, அந்த இடத்தில் நீர் கோக்கிறது. மூக்கின் பின்னால் எப்போதும் குடியிருக்கும் நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், மொராக்செல்லா போன்ற கிருமிகள் அந்த நீரில் பெருகிச் சீழாக்குகின்றன. சீழ் செவிப்பறையை வெளிப்பக்கமாக உப்ப வைக்கும்போது வருவதுதான் அந்த உயிர்போகும் வலி. படுத்தால் அழுத்தம் கூடும். அதனால்தான் பகலில் விளையாடிய பிள்ளை ராத்திரியில் துடிக்கிறது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். செவிப்பறை முழுதாக இருந்தால், மேலே ஊற்றும் எதுவும் அந்த அறைக்குள் போய்ச் சேராது. ஓட்டை விழுந்திருந்தால் போய்ச் சேரும், அது இன்னும் கெடுதல். சூடு கொஞ்சம் கூடிப்போனால் உள்தோல் வெந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் நம் ஊர் வேர்வையும் சேர்ந்தால் காதுக்குள் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் டாக்டர் பார்க்கும்போது எண்ணெய்ப் படலம் செவிப்பறையை மறைத்துவிடும். தாய்ப்பாலைக் காதில் பீய்ச்சுவதும் இதே கணக்குதான். பாட்டியின் கைக்கு வேலை வேண்டுமென்றால், உலர்ந்த துணியை வெதுவெதுப்பாக்கிக் காதுக்கு வெளியே ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்; குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டும் நிஜமாகவே இதம் தரும்.

ஆன்டிபயாடிக்கை உடனே ஆரம்பிக்காமல் 48 முதல் 72 மணி நேரம் பார்ப்பது அலட்சியம் அல்ல. எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் 10 குழந்தைகளில் சுமார் 6 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி போய்விடுகிறது. ஆன்டிபயாடிக் முதல் நாள் வலியைக் குறைப்பதே இல்லை. அதே சமயம் சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, தோல் தடிப்பைக் கொண்டுவருகிறது. ஆனால் இந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. 6 மாதத்துக்குக் கீழே என்றால் உடனே ஆன்டிபயாடிக். 2 வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று இருந்தாலும் உடனே. எந்த வயதானாலும் காய்ச்சல் 102.2 டிகிரியைத் தொட்டாலோ, வலி 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தாலோ, காதிலிருந்து சீழ் வந்தாலோ உடனே. உங்கள் பிள்ளைக்கு ஒரு காது, 101 காய்ச்சல், ஒரு ராத்திரி வலி. டாக்டரின் கணக்கு சரியாகவே இருக்கிறது.

காத்திருப்பது ஆன்டிபயாடிக்குக்கு மட்டும்தான். வலி மருந்துக்கு அல்ல. பாராசிட்டமாலை முதல் இரண்டு நாள் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள், ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். "அழுதால் கொடுக்கலாம்" என்று வைத்திருந்தால், மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு மணி நேரம் பிள்ளை அழும்.

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வீங்கிச் சிவந்து காதுமடல் முன்பக்கமாகத் தள்ளி நின்றாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கழுத்து விறைத்தாலோ, எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலோ இரண்டு நாள் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே, அது நடு ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துக்கடையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பாராசிட்டமால் பாட்டில் தருகிறார்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். அளவு எப்படித் தெரிந்துகொள்வது? ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்? வலி நின்றதும் நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருச்சி

எல்லாம் ஒன்றல்ல. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது பாராசிட்டமாலின் அளவு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். இனி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். "5 மில்லியில் 120 மி.கி." என்று போட்டிருந்தால் 6 மில்லி. "5 மில்லியில் 250 மி.கி." என்றால் 3 மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும்; அதில் ஒன்றரை மில்லி போதும். பழைய பாட்டிலின் 6 மில்லிப் பழக்கத்தில் சொட்டு மருந்தை 6 மில்லி கொடுத்தால் 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு. இப்படி இரண்டு மூன்று வேளை போனால் ஈரல் கெடும். குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் மிக ஆபத்தான, மிகச் சுலபமாகத் தவிர்க்கக்கூடிய தவறு இது. டாக்டரிடம் "எத்தனை மில்லி" என்று மட்டும் கேட்காதீர்கள், "எத்தனை மில்லிகிராம்" என்றும் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்ச் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

இன்னொரு வலி மருந்தான இபுப்ரோஃபென் 6 மாதத்துக்கு மேல், டாக்டர் சொன்னால் மட்டும், கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. டெங்கு பரவும் மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு இதை நீங்களாகத் தொடவே கூடாது, ரத்தக்கசிவு கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கோடு உடல் வறண்டிருந்தாலும் வேண்டாம். நிமசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011 முதலே தடை. ஆஸ்பிரினும் குழந்தைக்கு ஆகாது.

ஆன்டிபயாடிக்கில் முதலில் வருவது அமாக்சிசிலின். காதுத் தொற்றுக்கு அதன் அளவு மற்றத் தொற்றுகளைவிடக் கூடுதல்: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. மருந்து நடுச்செவி நீருக்குள் போதிய அளவு ஊறிப்போக வேண்டும் என்பதற்காக இந்தக் கூடுதல். 10 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லியில் 250 மி.கி. உள்ள மருந்தில் வேளைக்கு 8 முதல் 9 மில்லி வரும். "இவ்வளவா?" என்று பயந்து பாதியாகக் குறைத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும்.

பவுடர் பாட்டிலை முதலில் தட்டி உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, மூடிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடுவரை நிரப்புங்கள். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும். கலக்கிய மருந்துக்கு ஆயுள் 7 நாள். அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் என்ற துணை மருந்தும் சேர்ந்ததாக இருந்தால் கட்டாயம் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டால் முதல் நாட்களில் வெறும் தண்ணீரும், கடைசி நாட்களில் அடியில் தங்கிய மருந்தும்தான் பிள்ளைக்குப் போகும்.

எத்தனை நாள் என்பது வயதைப் பொறுத்தது. 2 வயதுக்குள் பொதுவாக 10 நாள், 2 முதல் 5 வயது வரை 7 நாள், அதற்கு மேல் 5 முதல் 7 நாள். வலி நின்றதால் நிறுத்தக்கூடாது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வேளைக்கு 9 மில்லி என்றால் 30 மில்லி பாட்டில் இரண்டு நாளைக்குக்கூட வராது. வீட்டில் பாட்டில் காலியானதும் மருந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மொத்தம் எத்தனை பாட்டில் என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டாவது பாட்டிலைத் தேவைப்படும் அன்று கலக்கினால் போதும்.

ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சலும் வலியும் இறங்காவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். கிளாவுலனேட் சேர்ந்த மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். கடந்த 30 நாளில் அமாக்சிசிலின் சாப்பிட்டிருந்தாலும், காதோடு கண்ணும் சிவந்து பீளை கட்டியிருந்தாலும் அதைத்தான் முதலிலேயே எழுதுவார்கள், எனவே அந்த இரண்டு தகவலையும் மறக்காமல் சொல்லுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால்.

இரவெல்லாம் அழுத என் மூன்று வயது மகளின் காதிலிருந்து விடியற்காலையில் ரத்தம் கலந்த சீழ் வந்து தலையணை நனைந்துவிட்டது. அதன் பிறகு அவள் அழுகை நின்று தூங்கிவிட்டாள். காது போய்விட்டதா, டாக்டர்?
– வாசகி, நாகர்கோவில்

போகவில்லை. சீழின் அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு துளை விழுந்து வழிவிட்டிருக்கிறது. அழுத்தம் இறங்கியதால்தான் வலி நின்றது. இப்படி விழும் துளை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் வலி நின்றதால் வியாதி தீர்ந்தது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சீழ் வந்த காதுக்கு மருந்து வேண்டும். அதே நாளில் காட்டுங்கள். துளை மூடிவிட்டதா என்று 6 வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வருகையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடாத துளைதான் பின்னால் வருஷக்கணக்கில் ஒழுகும் காதாகிறது.

அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. குளிப்பாட்டும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாசலில் வைத்து, குளியல் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். சீழ் வரும்போது பஞ்சை நாள் முழுக்க அடைத்து வைப்பது தவறு. வெளியேற வேண்டியது உள்ளேயே ஊறும். மடலில் வழிவதை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பட்ஸ், தீக்குச்சி, ஹேர்பின், கோழி இறகு எதுவும் உள்ளே போக வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சொட்டு மருந்தையும் எடுத்து விடாதீர்கள். ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகள் துளை வழியே உட்செவிக்குப் போய்க் கேட்கும் நரம்பணுக்களைப் பாதிக்கக்கூடும். துளை உள்ள காதுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகைதான் பாதுகாப்பு.

என் மகன் ஒன்றாம் வகுப்பு. கூப்பிட்டால் திரும்புவதில்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். பாடத்தில் கவனமில்லை என்று டீச்சர் புகார். காதில் வலி இல்லை, சீழ் இல்லை. டாக்டர் "காதுக்குள் நீர் கோத்திருக்கிறது, மூன்று மாதம் பார்ப்போம்" என்கிறார். மூன்று மாதம் சும்மா இருப்பதா?
– வாசகர், கோவை

முதலில் அவனைத் திட்டுவதை நிறுத்துங்கள், டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். அவன் கேட்காமல் இருப்பது பிடிவாதத்தால் அல்ல. இது தொற்று அல்ல. தொற்றோ சளியோ வந்து போன பிறகு நடுச்செவியில் தங்கிவிட்ட நீர். நாளாக ஆகப் பசைபோல் கெட்டியாகிறது. காது முழுச் செவிடாவதில்லை. சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் கேட்பது குறையும். எதிரில் உட்கார்ந்து பேசினால் புரியும். இரைச்சலான வகுப்பறையில், கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் டீச்சரின் குரல் புரியாது. ஒரு நாள் கேட்கும், சளி கூடிய நாளில் கேட்காது. அதனால்தான் "வேணும்னா கேக்குறான், வேணாம்னா கேக்க மாட்டேங்குறான்" என்ற பழி விழுகிறது.

மூன்று மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. காதுத் தொற்றுக்குப் பிறகு ஒரு மாதத்தில் 10 பிள்ளைகளில் சுமார் 4 பேருக்கு நீர் இருக்கும். மூன்று மாதத்தில் அது ஒன்றிரண்டு பேராகக் குறைந்துவிடும். பெரும்பாலோருக்குத் தானாக வற்றுவதை அறுவை செய்து எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். இப்போதே ஆடியோமெட்ரியும் (எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) டிம்பனோமெட்ரியும் எடுத்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வலிக்காது. டிம்பனோமெட்ரியில் காது வாசலில் ஒரு ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். செவிப்பறை அசைந்தால் வரைபடத்தில் மலைபோல் உச்சி வரும், பின்னால் நீர் இருந்தால் கோடு தட்டையாகப் போகும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்றால், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் நடுச்செவி அழற்சியும் இருக்கிறது.

வகுப்பில் முதல் வரிசையில், டீச்சர் முகம் தெரியும் இடத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல், அருகில் போய்த் தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். மூக்கால் ஊதும் மருத்துவப் பலூன் கிடைத்தால், இவன் வயதுப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்: ஒவ்வொரு மூக்காக, நாளுக்கு 3 வேளை, 1 முதல் 3 மாதம். ஊதும் காற்று குழாயைத் திறந்துவிடும்; சிலருக்கு நன்றாகவே பலன் தருகிறது.

அரிப்பு மாத்திரை, மூக்கடைப்பு டானிக், ஸ்டீராய்டு, திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் – இவை எதுவும் இந்த நீரை வற்ற வைப்பதில்லை. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி டானிக்குகளை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. பெரிய பிள்ளைக்கும் இதற்காக அந்தச் செலவு வீண்.

மூன்று மாதம் கழித்தும் இரண்டு காதிலும் நீர் இருந்து, கேட்பதும் குறைந்திருந்தால் குரோமெட் வைப்பதைப் பற்றிப் பேசலாம். மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, நீரை உறிஞ்சிவிட்டு, பட்டன் துளை அளவுகூட இல்லாத ஒரு குட்டிக் குழாயைப் பொருத்துவார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வரலாம். 6 மாதம் முதல் ஒரு வருடம் போல இருந்துவிட்டு அதுவே விழுந்துவிடும். வாயைத் திறந்து தூங்குகிறான், குறட்டை விடுகிறான் என்றால் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் சேர்த்து எடுப்பது பலன் தரும். 4 வயதுக்கு மேல்தான் அடினாய்டை எடுக்கும் இந்த யோசனை. அண்ணப் பிளவுள்ள குழந்தைகள், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள், ஏற்கெனவே பேச்சு தாமதமான குழந்தைகள் விஷயத்தில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, உடனே இ.என்.டி. மருத்துவரிடம் போக வேண்டும்.

வயது 34. சின்ன வயதிலிருந்தே வலது காது ஒழுகும். தலைக்குக் குளித்தாலோ கண்மாயில் முங்கினாலோ ஆரம்பித்துவிடும். சொட்டு மருந்து விட்டால் நிற்கும், மறுபடி வரும். இப்போது ஒரு வருடமாகக் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் நாற்றம் தாங்கவில்லை. வலி இல்லாததால் விட்டுவிட்டேன்.
– வாசகர், ராமநாதபுரம்

"கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் நாற்றம்" என்ற வரிதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. இரண்டு வகை ஒழுகல் உண்டு. தண்ணீர் போனதும் சளிபோல் நிறைய வந்து, மருந்துக்கு நிற்பது ஒன்று. செவிப்பறையின் நடுவில் ஓட்டை, அவ்வளவுதான். இன்னொன்றில், செவிப்பறையின் மேல் மூலை உள்ளே இழுபட்டுப் பைபோல் குழிந்து, அதில் தோல் செதில்கள் சேர்ந்து உருண்டு வளர்கின்றன. கொலஸ்டியாட்டோமா என்பது அதன் பெயர். புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பை அரிக்கும். முதலில் கேட்கும் குட்டி எலும்புகள், பிறகு முகத்தை அசைக்கும் நரம்பின் மேல்கூரை, உட்செவி, கடைசியில் மூளைக்கும் காதுக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடு. மூளையில் சீழ்க்கட்டி வரை போகக்கூடும். வலியே இல்லாமல் இதெல்லாம் நடப்பதுதான் இதன் கொடுமை.

உங்களுக்கு எது என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்பிலோ எண்டோஸ்கோப்பிலோ காதைச் சுத்தம் செய்து பார்த்தால்தான் தெரியும். இந்த மாதமே போங்கள். கொலஸ்டியாட்டோமா என்றால் சி.டி. ஸ்கேனும் அறுவையும்தான் வழி, சொட்டு மருந்து நாற்றத்தை மட்டும் சில நாள் அடக்கும். வெறும் ஓட்டை என்றால், காது காய்ந்த பிறகு, காதுக்கு மேலே உள்ள தசையின் உறையைக் கொஞ்சம் எடுத்து ஒட்டுப்போட்டு அடைக்கலாம். பெரும்பாலோருக்கு ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளும். பிறகு தலைக்குக் குளிப்பதில் பயம் இல்லை. தலைசுற்றல், முகக்கோணல், கடும் தலைவலியோடு காய்ச்சல் – இதில் ஒன்று வந்தாலும் நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.

ஒழுகும் காதுக்குச் சொட்டு மருந்து விடுவதில் எல்லோரும் செய்யும் தவறு, சீழின் மேலேயே மருந்தை ஊற்றுவது. மருந்து மிதந்து வெளியே வரும். முதலில் உலர்த்த வேண்டும். சுத்தமான, நன்கு துவைத்த பருத்தித் துணியைத் திரிபோல் முறுக்கி, காதுத்துளையில் மெதுவாக வைத்து, ஈரம் ஏறியதும் எடுத்துப் போட்டுவிட்டு, புதுத் திரி வையுங்கள். திரி காய்ந்து வரும்வரை மாற்றுங்கள். நாளுக்கு 3 வேளை. அதன் பிறகு டாக்டர் எழுதிய சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து, வழக்கமாக 4 சொட்டு, நாளுக்கு 2 அல்லது 3 வேளை, 2 வாரம். பாட்டிலைச் சில நிமிடம் உள்ளங்கையில் பிடித்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த மருந்து விட்டால் தலை சுற்றும். நோயுள்ள காது மேலே இருக்கப் படுத்து, மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்து விடுங்கள் (சிறு குழந்தைக்குக் கீழ்நோக்கிப் பின்னால்). பிறகு காது வாசலின் முன்னே துருத்தி நிற்கும் குருத்தெலும்பை நாலைந்து தடவை அழுத்துங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தை ஓட்டை வழியே உள்ளே தள்ளும். 5 நிமிடம் எழுந்திருக்க வேண்டாம். காது குணமாகும்வரை கண்மாய்க் குளியல் கூடாது.

இத்தனை செய்தும் இரண்டு வாரத்தில் காயாத காதில் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன் புதிதாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

எனக்கு 52 வயது. இரண்டு மாதமாக இடது காது அடைத்தாற்போல் இருக்கிறது. வலி இல்லை. கிளினிக்கில் காதில் நீர் என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாற்றமில்லை.
– வாசகர், கிள்ளான், மலேசியா

மூன்றாவது முறை ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காதில் நீர் கோப்பது சகஜம். பெரியவர்களுக்கு, அதுவும் ஒரு காதில் மட்டும், சளி இல்லாமல் வாரக்கணக்கில் நீர் நின்றால், அந்தக் காதின் குழாய் திறக்கும் இடத்தை ஏதாவது அடைக்கிறதா என்று மூக்கின் வழியே எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய்க்கு இது முதல் அறிகுறியாக இருக்கலாம். தென்சீன வம்சாவளியினரிடமும் தென்கிழக்கு ஆசியாவிலும் இது அதிகம். இந்தியாவில் நாகாலாந்துப் பக்கம். தமிழர்களுக்கு வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் ஒவ்வாமையோ சைனஸோதான் காரணமாக இருக்கும். ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பரிசோதனைக்கு ஐந்து நிமிடம், மரத்துப்போகும் மருந்தை மூக்கில் அடித்துவிட்டுச் செய்வார்கள். கழுத்தில் கட்டி, மூக்குச் சளியில் ரத்தம், இரட்டைப் பார்வை இருந்தால் நாளைக்கே போங்கள்.

சளியோடு விமானத்தில் வந்தபோது இறங்கும் நேரத்தில் காது கிழிந்துவிடும்போல வலித்தது. அடுத்த மாதம் ஊருக்குப் போக வேண்டும், கைக்குழந்தையும் உண்டு.
– வாசகி, துபாய்

விமானம் இறங்கும்போது வெளியழுத்தம் கூடுகிறது. அடைத்த குழாய் அதை ஈடுகட்ட முடியாமல் செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. உங்களுக்கு மட்டும், ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவு இல்லையென்றால், இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்பு சைலோமெட்டசோலின் மூக்கு ஸ்பிரே உதவும். ஒரு வாரத்துக்கு மேல் அதைத் தொடரக்கூடாது. மூக்கடைப்பு திரும்பி வந்து நிரந்தரமாகிவிடும். இறங்கும் நேரத்தில் தூங்காமல் மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள். குழந்தையை எழுப்பி அப்போது பால் கொடுங்கள்; மேலே ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் இறங்கும்போது குடிக்காது. காய்ச்சலோடு காதுவலி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. செவிப்பறையில் ஓட்டையோ குரோமெட்டோ இருப்பவர்களுக்கு இந்த வலி வராது, அழுத்தம் அதன் வழியே சமமாகிவிடும்.

பேத்திக்கு ஒன்றரை வயது. ஆறு மாதத்தில் மூன்று முறை காதுவலி வந்துவிட்டது. குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போவதால்தான் என்று மகள் என்னைக் குறை சொல்கிறாள். வராமல் தடுக்க என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மேல் தப்பில்லை, அம்மா. செவிப்பறை முழுதாக இருக்கும் காதில், குளிக்கும் தண்ணீர் நடுச்செவிக்குப் போகாது. குளித்தபின் காதிலும் மூக்கிலும் வாயால் ஊதும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். நம் வாயிலுள்ள கிருமியைக் குழந்தைக்குக் கொடுப்பதில் லாபம் எதுவும் இல்லை.

பால் புட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நிலையில் பால் மூக்கின் பின்புறம் ஏறிக் குழாய்க்குள் போகிறது. மடியில் தலையை உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும்; இந்த வயதில் டம்ளருக்கே மாறிவிடலாம். சூப்பானைத் தூங்கும் நேரத்துக்கு மட்டும் என்று குறைத்து, பிறகு நிறுத்துங்கள். வீட்டில் யாராவது சிகரெட், பீடி பிடித்தால் வாசலுக்குப் போய்ப் பிடிப்பது போதாது. சட்டையில் ஒட்டிய புகையும் குழந்தையிடம் வருகிறது. குழந்தைகள் காப்பகத்தில் இருந்தால் சளியும் அடிக்கடி வரும், காதுவலியும் கூடவே வரும். வேலைக்குப் போகும் தாய்க்கு அதை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. அங்கே கை கழுவும் பழக்கம் எப்படி என்று கேட்கலாம்.

தடுப்பூசி அட்டையை எடுத்து நிமோகாக்கல் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்: பிறந்த ஆறாவது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். விட்டுப்போயிருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு இப்போதும் போடலாம். வருடந்தோறும் ஃப்ளூ ஊசியும் காதுத் தொற்றைக் கொஞ்சம் குறைக்கும்.

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு முறை என்பது இ.என்.டி. மருத்துவரைப் பார்க்க வேண்டிய எல்லை. பேத்தி அதைத் தொட்டுவிட்டாள். போகும்போது ஒவ்வொரு முறையும் எந்தக் காது, எந்தத் தேதி, என்ன மருந்து, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இடையில் காது முழுதாகத் தெளிந்ததா, நீர் தங்கியே இருந்ததா என்பதைப் பார்த்துத்தான் குரோமெட் வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். தினமும் சிறு அளவில் ஆன்டிபயாடிக் கொடுத்துத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.